ஓர் இருமலுக்கு ஏற்ற அம்ப்ளிபையர்

நான் பணி ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வயது முப்பத்து மூன்று. தலையில் ஒரு நரை கிடையாது. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஸ்டீரியோ கடையில் பத்து வருடம் 'கேட்பாளர்' பதவியில் இருந்து, முறைப்படி மாலை போடப்பட்டு, தேநீர் விருந்து வைத்து அனுப்பப்பட்டவன் நான். "எந்தக் கடையில லா இந்த வயசுல ரிடயர் பண்ணி விடுறாங்க" என்று என் அப்பா இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்படி அனுப்புகிறவர் என் முதலாளி திரு. சிவபாதம். யாழ்ப்பாணக் குடும்பம். வாழ்நாளெல்லாம் அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கடையைத் திறந்தவர். கடையைத் திறந்தாரே தவிர அரசாங்கத்தை விட்டு வெளியே வரவில்லை. வாடிக்கையாளரை 'விண்ணப்பதாரர்' என்றுதான் சொல்வார். முன்னறையிலிருந்து பின்னறைக்கு என்னை அனுப்பினால் அது இடமாற்றம். காதுக்கும் அவரிடம் ஓய்வு வயது உண்டு. "ஒரு காது பத்து வருசத்துக்கு மேல கடைக்காகக் கேட்டால், அது கடையின்ர காதாய்ப் போகும் தம்பி. பிறகு அது சனத்துக்காகக் கேளாது" என்பார். எனக்கு முன்னால் இருந்தவரையும் இதே விதிப்படிதான் மாலை போட்டு அனுப்பினார்.

அண்மையில் அந்தப் பக்கம் போனபோது கடை வாசலில் ஒரு தொடுதிரை வைத்திருந்தார்கள். சிவபாதம் சாரின் மகன் வைத்தது. உங்களுக்கு வெதுவெதுப்பான ஒலி பிடிக்குமா, பளிச்சென்ற ஒலி பிடிக்குமா என்று அது கேட்டது. விரலால் தொட்டால் உங்கள் ரசனைக்கு ஏற்ற அம்ப்ளிபையர் இதுதான் என்று படத்தோடு காட்டியது. பத்து வருடத்தில் நான் பார்த்த ஒருவருக்குக்கூடத் தன் ரசனை என்ன என்று தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "அண்ணே, எந்த ஆம்ப் வாங்கலாம்" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். அவர்களுக்கும் இதுவே பதிலாக இருக்கட்டும்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெங்கிலில் ஒரு தோட்டத்திலிருந்து மேரு என்ற ஊருக்கு வந்த குடும்பம். அப்பா லோரி ஓட்டுநர். எங்கள் வீட்டில் மூன்றாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். போலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தேன். வேலை கிடைத்ததும் அப்பா என்ன வேலை என்று கேட்டார். "ஆம்ப் வாங்க வர்றவங்களோட உக்காந்து பாட்டு கேக்கணும் பா," என்றேன். அவர் அம்மாவிடம் திரும்பி, "நான் சும்மாவே கேட்டுகிட்டுத்தானே லோரி ஓட்டுறேன். இதுக்கு எதுக்கு டிப்ளோமா," என்றார். அம்மா சொந்தக்காரர்களிடம் சவுண்ட் இன்ஜினியர் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார்.

நேர்முகத் தேர்வில் சிவபாதம் சார் கேட்டது ஒரே கேள்வி. மேலே மின்விசிறியைக் காட்டி, "என்ன கேக்குது?" என்றார். "சத்தம் போடுது சார்," என்றேன். "நேர்மையான பதில்," என்று சொல்லித் தற்காலிகக் கேட்பாளராக நியமித்தார். இரண்டு வருடம் தற்காலிகம். பிறகு ஒரு காலை கறிபஃப் வாங்கி வரச் சொல்லி, பாதியை எனக்குக் கொடுத்து, "இன்றிலிருந்து நீர் நிரந்தரம்," என்றார்.

அவருடைய நடைமுறைகளை இங்கே சொல்லியாக வேண்டும். இன்று எந்தக் கடையிலும் அவை இல்லை.

வந்த அன்றே யாருக்கும் அம்ப்ளிபையர் விற்கக் கூடாது. முதலில் வீட்டுக்குப் போக வேண்டும். விண்ணப்பதாரர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் நான் உட்கார வேண்டும். எதையும் போடாமல் சும்மா உட்கார்ந்து வீட்டைக் கேட்க வேண்டும். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, அடுத்த வீட்டு நாய், சமையலறையில் தாளிப்பு, இவையெல்லாம் அந்த வீட்டு இசையோடு கூடவே பாடுகிறவை. பிறகு அவரை வழக்கமாகக் கேட்கும் பாட்டைப் போடச் சொல்ல வேண்டும். பெருமைக்காக எடுத்துவைக்கும் இசைத்தட்டு அல்ல, ஞாயிற்றுக்கிழமை சட்டை இல்லாமல் உட்கார்ந்து கேட்பது. அப்புறம் ஒரு கேள்வி. "எந்த இடத்துல சத்தத்தைக் குறைப்பீங்க?"

எல்லாரும் எந்த இடத்தில் கூட்டுவோம் என்று சொல்லத் தயாராக வருவார்கள். குறைக்கும் இடத்தில்தான் ரசனை இருக்கிறது என்பது சாரின் கொள்கை. வயலின் மேலே ஏறும்போது ஒருவர் குறைப்பார். அவருக்குப் பளிச்சென்று ஒலிக்கும் ஆம்பைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் தலைவலி. தவில் வந்ததும் மனைவி உள்ளேயிருந்து கத்துவார் என்று குறைப்பவருக்கு எத்தனை வாட்ஸ் கொடுத்தும் பயனில்லை. குறைந்த சத்தத்திலும் பாட்டு மெலிந்துபோகாத ஆம்ப்தான் அவருக்கு வேண்டும்.

பிறகு கடையில் கேட்கும் நாள். இரண்டு ஆம்ப்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, மீட்டரால் அளந்து, சத்தத்தைச் சரிசமமாக்கிவிட்டுத்தான் மாற்றி மாற்றிப் போடுவோம். ஓர் இழை கூடுதலாகச் சத்தம் போடும் ஆம்ப் எப்போதும் ஜெயித்துவிடும். கல்யாண வீட்டில் உரக்கப் பேசும் சித்தப்பா மாதிரி. திரைக்குக் காரணம் வேறு. நம் ஆட்கள் ஆம்பைப் பார்த்தால் உடனே தூக்கிப் பார்ப்பார்கள். பாசார் சந்தையில் தர்பூசணியைத் தூக்குவது போல. கனமாக இருந்தால் நல்லது. டெங்கில் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு அவர் கேட்கும் முறைக்குப் பொருத்தமான சின்ன ஆம்ப் ஒன்றைக் கொடுத்தோம். திரை விலகியதும் தூக்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "பாஸ், இதுக்குள்ள ஏதாச்சும் இருக்கா?" என்று என்னைக் கேட்டார். இத்தனைக்கும் அரை மணி நேரமாக அதைத்தான் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் சாதாரண நாட்கள். என் பணிக்காலத்தில் உண்மையாகவே கஷ்டமான விண்ணப்பம் ஒன்றுதான். அது கிள்ளானிலிருந்து வந்தது.

சேவியர் அங்கிள் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ரயில்வே. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரே ஒரு சிடி. உட்காருவதற்கு முன்பே சொன்னார்.

"தம்பி, உங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்ப தெளிவா கேக்குற ஆம்ப் வேணும்."

"என்ன பாட்டு கேப்பீங்க அங்கிள்?"

"பாட்டு இல்ல பா. பாட்டுக்கு நடுவுல ஒரு இருமல்."

நான் சாரைப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "விண்ணப்பதாரருக்குத் தண்ணி குடும்," என்றார்.

கதை இதுதான். சேவியர் அங்கிளின் மகள் ஜெசிந்தா தொட்டிலில் இருந்த காலத்தில், கிள்ளான் பக்கத்துப் பங்குக் கோயில்களுக்கிடையே கிறிஸ்துமஸ் பாடல் போட்டி ஒன்று நடந்திருக்கிறது. இவர்களுடைய கொயர், அதாவது கோயில் பாடற்குழு, பாடிய பாட்டில் கடைசி வரிக்கு முன்னால் ஒரு நிறுத்தம். எல்லாரும் சட்டென்று நிற்க வேண்டும். முழு நிசப்தம். பிறகு மெதுவாகக் கடைசி வரி. அந்த நிசப்தத்தில் யாரோ இருமிவிட்டார்கள். பரிசு வேறு பங்குக்குப் போய்விட்டது. பங்கைச் சேர்ந்த ஒருவர் மேடைக்கு முன்னால் இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்த கேசட்தான் பின்னால் சிடி ஆனது.

கொயரின் ஓர் ஓரத்தில் நின்றவர் சேவியர் அங்கிள். மறு ஓரத்தில் நின்றவர் ஆரோக்கியசாமி, அதாவது அவருடைய மனைவி லில்லி ஆன்டியின் அண்ணன். இருமியது நீதான் என்று இருவரும் ஒருவரையொருவர் சொல்லிக்கொண்டு, அன்றைக்கு நிறுத்திய பேச்சு. ஒரே வரிசையில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் லில்லி ஆன்டி வழியாகத்தான். 'உங்க அண்ணன்கிட்ட சொல்லு, அவரு பூனை நம்ம கார் மேல படுக்குது' என்கிற அளவில்.

இப்போது ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். அவர்கள் குடும்பத்தில் பெண்ணைக் கோயில் வாசல் வரை கைப்பிடித்துக் கூட்டிப் போவது தாய்மாமன். இருமியது தான்தான் என்று சேவியர் ஒப்புக்கொள்ளாமல் வரமாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். மாமா ஒப்புக்கொள்ளாமல் பத்திரிகையில் அவர் பேரைப் போடமாட்டேன் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். பத்திரிகை அச்சகத்தில் அப்படியே நின்றது.

"நல்ல ஆம்ப் இருந்தா அந்த இருமல்ல ஆள் முகமே தெரியும்ல?" என்றார் சேவியர் அங்கிள்.

வீட்டு வருகைக்குக் கிள்ளான் போனேன். கூடத்தில் அவருடைய பிரம்பு நாற்காலி மாதா படத்துக்குக் கீழே, இடது ஸ்பீக்கருக்கு அருகில் இருந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் லில்லி ஆன்டியின் தையல் மெஷின். ஆன்டி தைத்துக்கொண்டே, "டீ குடிக்கிறியா தம்பி," என்றார். நான் பிரம்பு நாற்காலியில் உட்கார, அங்கிள் சிடியைப் போட்டார். கொயர் நன்றாகத்தான் பாடியது. நிறுத்தம் வரப்போகும் நேரம் அவர் கை சத்தக் குமிழுக்குப் போனது. வேறு யாராக இருந்தாலும் இருமல் வரும் இடத்தில் குறைப்பார்கள். இவர் கூட்டினார்.

இருமல் இடது பக்கத்திலிருந்து வந்தது.

"கேட்டியா? இடது பக்கம்." சுவரில் மாட்டியிருந்த கொயர் படத்தில் விரலை வைத்தார். "இடது ஓரத்துல நிக்கிறது யாரு? நீயே சொல்லு."

தலை நிறைய முடியோடு ஆரோக்கியசாமி நின்றுகொண்டிருந்தார். ஆன்டி டீயை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மெஷினுக்குப் போனார்.

ஜெசிந்தா வாசல் கேட் வரைக்கும் என்னோடு வந்தாள். "அண்ணே, புது ஆம்ப் வாங்கினா சண்டை முடிஞ்சிருமா?"

"ஆம்ப் அதெல்லாம் செய்யாது மா."

"அப்ப அத வச்சு என்னதான் செய்றது?" என்றாள். "எனக்கு மாமா வரணும் அண்ணே. சின்ன பிள்ளையில இருந்து ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனது அவருதான். அப்பா முன்னாடி வாசல் வழியா போவாரு, மாமா பின் சந்து வழியா வந்து கூட்டிப் போவாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஆரோக்கியசாமி அங்கிள் கடைப் படி ஏறி வந்தார். அதே சிடி. அதே கோரிக்கை. "சேவியர்னு ஒருத்தர் இங்க வந்தாரா?" என்று கேட்டார். விண்ணப்பதாரர் விவரம் ரகசியம் என்று சார் பதில் சொன்னார். "அப்ப வந்திருக்காரு," என்றார் இவர்.

அவர் வீட்டுக்குப் போக, சேவியர் அங்கிள் கண்ணில் படாமல் காரைப் பின் சந்தில் நிறுத்த வேண்டியிருந்தது. அவருடைய நாற்காலி வலது ஸ்பீக்கரை ஒட்டி இருந்தது. மற்ற இடத்தையெல்லாம் பெரிய மீன் தொட்டி ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டு வந்தது. நிறுத்தம் வந்தது. இருமல் வலது பக்கத்திலிருந்து வந்தது.

"வலது ஓரம் யாரு?" என்றார் ஆரோக்கியசாமி அங்கிள், அதே படத்தின் இன்னொரு பிரதியில் விரலை வைத்து. "அது என்ன இருமலா? லோரி ஸ்டார்ட் ஆகாத மாதிரி. சேவியர் குடும்பமே அப்படித்தான் இருமும். அவங்க அப்பா இருமினா ஸ்டேசன்ல டிரெய்ன் கிளம்பிருச்சுனு ஆளுங்க ஓடுவாங்களாம்."

கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் என் மூளை கொதித்தது. ஒரே சிடி. ஒரு வீட்டில் இடது, ஒரு வீட்டில் வலது. படித்தவனுக்கு இது பெரிய புதிரா? ஏதோ ஒரு வீட்டில் ஸ்பீக்கர் வயரை மாற்றிச் செருகியிருக்கிறார்கள். சோதனை சிடியைக் கொண்டுபோய் இரண்டு வீட்டிலும் போட்டுப் பார்த்தால் யார் இருமியது என்று தெரிந்துவிடும். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோது சார் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த வீட்டில பிழை?"

"தெரியல சார். பாத்தாத்தான் தெரியும்."

"பார்த்து?"

"உண்மை தெரியும் சார்."

"தெரிஞ்சு?"

நான் கையில் எடுத்திருந்த சோதனை சிடியை மேசையில் வைத்தேன்.

"ஒரு கிழவன் தோப்பான். தோத்தவன் கலியாணத்துக்கு வரமாட்டான். அது தகப்பனாய் இருந்தால் இன்னும் விசேசம்." தேநீரை ஒரு மிடறு குடித்தார். "நீர் ஒரு வீட்டுக்கும் போக வேண்டாம். ரெண்டு பேரையும் இங்க கூப்பிடும். ஒரே நாள். எங்கட கதிரை, எங்கட வயர். ஒண்டில் நாங்கள் ஒரு ஆம்ப் விப்பம், இல்லாட்டி விக்கமாட்டம். அதுக்கு மேல எங்களுக்கு அதிகாரம் இல்லை."

எனக்குப் பயமாக இருந்தது. கடையில் நாற்காலியும் வயர்களும் சரியாக இருக்கும். அதில் பிழை வர வழியே இல்லை. ஆகவே எங்கள் அறையில் ஒருவர் தோற்கப் போகிறார், அந்தப் பெண்ணின் கல்யாணமும் அங்கேயே கெடப் போகிறது என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை காலை. கீழே உணவகத்தில் மீன் பொரிக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் திரையை இழுத்துவிட்டு, சத்தத்தை அளந்து சரிசெய்து, ஏர்கோனை நிறுத்தினேன். மோனோரயில் போகும் இடைவெளி பார்த்துத்தான் பாட்டைப் போட வேண்டும், அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன். கேட்கும் அறையில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சோபா. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் போடப்பட்டு, இம்மியும் நகராதபடி கால்களில் ஆணி அடிக்கப்பட்டது. ஒருவர் தாராளமாக உட்காரலாம். இருவர் என்றால் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும்.

சேவியர் அங்கிள் மனைவி மகளோடு வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ஆரோக்கியசாமி அங்கிள் படியேறி வந்து அவரைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். சார் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் யாரும் திரும்பிப் போக மாட்டார்கள், முப்பது வருட அரசாங்கம் அப்படி நிற்கும்.

"இந்த அறையில சரியாய்க் கேக்கக்கூடிய இடம் ஒண்டுதான் இருக்கு. ரெண்டு பேரும் அதிலதான் இருக்க வேணும்."

இருவரும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்தார்கள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் லில்லி ஆன்டியும் ஜெசிந்தாவும்.

"உங்க அண்ணனைக் கொஞ்சம் தள்ளச் சொல்லு," என்றார் சேவியர் அங்கிள், நேராகச் சுவரைப் பார்த்து.

"உன் புருசன்கிட்ட சொல்லு, இதுக்கு மேல தள்ளினா நான் தரையிலதான் உக்காரணும்."

"பேச்சு இல்லை," என்றார் சார்.

பாட்டைப் போட்டேன். சோபாவுக்குப் பின்னால் குனிந்து, அவர்கள் இருவர் தலைக்கும் நடுவே என் தலையை வைத்துக்கொண்டேன். நிறுத்தம் வந்தது. இருமலும் வந்தது.

இடது பக்கத்திலிருந்து இல்லை. வலது பக்கத்திலிருந்தும் இல்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெறும் சுவரிலிருந்து வந்தது.

"திருப்பிப் போடு," என்றார் சேவியர் அங்கிள்.

இரண்டாவது ஆம்புக்கு மாற்றிப் போட்டேன். அதே சுவர். ஆரோக்கியசாமி அங்கிள் முன்னால் குனிந்து, வலது பக்கம் நன்றாகச் சாய்ந்தார். "இதோ, இப்ப வலது பக்கம் வருது." சேவியர் அங்கிள் இடது பக்கம் சாய்ந்தார். "எனக்கு இடதுலதான் வருது."

"தலையைக் கொண்டுபோனால் இருமலும் கூட வரும்," என்றார் சார். "ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே அளவாய்த் தாற சத்தம் நடுவில இருக்கிறவனுக்கு நடுவில கேக்கும். ஒண்டுக்குக் கிட்ட இருக்கிறவனுக்கு அந்த ஒண்டிலயிருந்துதான் கேக்கும். உங்கட வீட்டுக் கதிரை எங்க கிடக்குது?"

இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். வயர் எந்த வீட்டிலும் மாறவில்லை. இரண்டு பேரும் இத்தனை காலம் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். என் புதிர் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"அப்ப நடுவுல நின்னது யாரு?" என்று ஜெசிந்தா கேட்டாள். கேட்டுக்கொண்டே கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்தாள். திருப்பி எங்களிடம் காட்டினாள். கொயரின் நட்ட நடுவில், வெள்ளைப் புடவையும் ரிப்பனுமாக, ஒல்லியாக ஒரு பெண் நின்றாள்.

எல்லாரும் பின்னால் திரும்பினோம்.

லில்லி ஆன்டி கைப்பையை மடியில் வைத்துச் சரிசெய்துகொண்டார். "நான்தான்," என்றார்.

"என்னது?"

"நான்தான் இருமுனேன். தொண்டையில கொசு போயிருச்சு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஏன்டி இத்தன வருசமா சொல்லல?" என்று சேவியர் அங்கிள் சோபாவிலிருந்து பாதி எழுந்தார்.

"யாராச்சும் என்னைக் கேட்டீங்களா? நீ இருமுனியா நீ இருமுனியான்னு ஒருத்தரை ஒருத்தர்தானே கேட்டீங்க. நடுவுல நிக்கிறவளை எவனும் கேக்கல." கைப்பையை மூடினார். "முதல்ல பாதருக்குப் பயந்து வாயைத் திறக்கல. அப்புறம் ரெண்டு பேரும் கோவிச்சுகிட்டு கொயரை விட்டு நின்னுட்டீங்க. அதுவரைக்கும் எங்க வீட்டுல விடிஞ்சா அடைஞ்சா பிராக்டிஸ். இந்தப் பக்கம் இவரு, அந்தப் பக்கம் அண்ணன். அன்னையிலேர்ந்து தெருவே அமைதி. பிள்ளை நல்லா தூங்குச்சு. அதைப் போய் ஏன் கெடுக்கணும்?"

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஏர்கோனைப் போடலாமா என்று யோசித்தேன்.

ஆரோக்கியசாமி அங்கிள்தான் முதலில் பேசினார். சுவரைப் பார்த்துப் பேசவில்லை.

"மச்சான், இது பொம்பள இருமலா?"

சேவியர் அங்கிள் யோசித்தார். "இல்ல மச்சான். இவ இருமுனா பூனை தும்முற மாதிரி இருக்கும். இது நல்லா கனமான இருமல்."

"கல்யாணம் நடக்கணும்னு சொல்றா."

"அப்படித்தான் இருக்கும். தம்பி, இன்னொரு தடவை போடு."

இன்னொரு தடவை போட்டேன். இன்னும் பல தடவை போட்டேன். நடுவில் லில்லி ஆன்டிக்குப் பின் வரிசையில் நின்ற ஆம்பளை யார் என்று இருவரும் கைப்பேசிக்குள் தலையை விட்டுத் தேடினார்கள். அந்தோணி என்று ஒருவர் மேல் சந்தேகம் விழுந்தது. அவர் இப்போது ஆஸ்திரேலியாவில் இருப்பதால் விசாரிக்க முடியவில்லை. சோபா நெருக்கம் இருவருக்கும் மறந்துபோயிருந்தது. லில்லி ஆன்டி, "எப்படியோ போங்க," என்று ஜெசிந்தாவை அழைத்துக்கொண்டு கீழே சாப்பிடப் போய்விட்டார்.

"ஆம்ப் எதை எடுக்கறது சார்?" என்றார் சேவியர் அங்கிள் கடைசியில்.

"ரெண்டு விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது," என்றார் சார். "கதிரையை நடுவில தூக்கிப் போடுங்கோ. அதுக்குப் பிறகும் குறை இருந்தால் வாருங்கோ."

இருவருக்கும் ஏமாற்றம்தான். இத்தனை தூரம் வந்து வெறும் கையோடு போவதா என்று ஸ்பீக்கர் வயர் ஆளுக்குக் கொஞ்சம் வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். கீழே போய்ப் பார்த்தபோது பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அந்தோணி அந்தக் காலத்திலேயே எப்படி இருமுவான் என்று ஒருவர் செய்து காட்ட, மற்றவர் இல்லையென்று திருத்திக்கொண்டிருந்தார்.

ஆகவே வாட்ஸ்அப் நண்பர்களுக்கு என் பதில் இதுதான். இருப்பதை மாற்றுவதற்கு முன்னால் நடுவில் உட்கார்ந்து ஒரு நாள் கேளுங்கள். நடுவில் ஏற்கெனவே யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களிடம் விசாரியுங்கள். வாட்ஸெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

கல்யாணத்துக்கு சாரும் நானும் போயிருந்தோம். பத்திரிகையில் மாமா பெயர் அப்பா பெயரைவிடப் பெரிதாக இருந்தது. கோயில் வாசல் வரைக்கும் ஜெசிந்தாவின் கையைப் பிடித்து நடந்தவர் ஆரோக்கியசாமி அங்கிள். முன்வாசல் வழியாக. அவள் அழுததில் முகப்பூச்சு எல்லாம் கரைந்தது, அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

மண்டபத்தில் மதிய விருந்து. பிரியாணி பாதி போயிருந்தபோது இரண்டு அங்கிள்களும் மேடை ஏறி ஆளுக்கொரு மைக்கை எடுத்தார்கள். டிசம்பருக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. ஆனாலும் அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைத்தான் பாடினார்கள். இத்தனை வருட ஓய்வு அவர்களுடைய குரலுக்கு எந்த நன்மையும் செய்திருக்கவில்லை. என் பக்கத்தில் சார் கண்ணை மூடிக்கொண்டு கறித்துண்டைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினார். லில்லி ஆன்டி முதல் மேசையில் பட்டுப்புடவையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கடைசி வரிக்கு முன்னால் வந்தார்கள். நிறுத்தினார்கள். முழு மண்டபமும் ஏன் என்று தெரியாமலே அமைதியானது. பரிமாறுகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். இருவரும் மேடையிலிருந்து லில்லி ஆன்டியைப் பார்த்தார்கள்.

ஆன்டி அண்ணனைப் பார்த்தார். புருசனைப் பார்த்தார். மாமா மேடை ஏறுமுன் கழற்றிக் கொடுத்த மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மகளையும் பார்த்தார். தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு முறை இருமினார்.

பூனைத் தும்மல் இல்லை. கனமாக, லோரி கிளம்ப மறுப்பது போல, கடைசியில் ஒரு சின்னக் கீறலோடு. அந்த இருமலை இரண்டு வீட்டிலும் கடையிலும் அத்தனை தடவை கேட்டவன் நான். எனக்குச் சந்தேகமில்லை.

சேவியர் அங்கிள் மைக்கை இறக்கினார். "அதேதான் மச்சான்."

"அதேதான்," என்றார் ஆரோக்கியசாமி அங்கிள். அவர் மைக்கை இறக்கவில்லை. மண்டபம் முழுவதும் கேட்டது. லில்லி ஆன்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிறகு, அதே இடத்தில் பாட்டு மறுபடி கெட்டுவிட்டதால், இருவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்கள். இனி தினமும் வீட்டில் பிராக்டிஸ் உண்டு என்று ஆரோக்கியசாமி அங்கிள் இடையிலேயே அறிவித்தார். அந்தத் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்த மேசைகளில் சாப்பாடு நின்றது.

சார் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, இந்தச் சனத்திட்ட எங்கட கடைப் பேரைச் சொல்லிப்போடாதேயும்."